சான்றிதழ் கிடைத்துவிடும், வாய் திறக்குமா?
மருத்துவமனை ஊழியர்கள் வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மணி நேர ஆன்லைன் பாடத்தை முடித்தாலே துன்புறுத்தப்படும் குழந்தைகளைக் காப்பாற்றிவிடலாம் என்று இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. நான் 11 வருடமாகக் குழந்தைகள் வார்டில் நர்ஸ், அந்தப் பாடத்தின் கேள்விகளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் டிக் அடிப்பேன். இன்னும் தவழக்கூட ஆரம்பிக்காத குழந்தைக்குக் காதிலோ கழுத்திலோ கன்றிப்போயிருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, பெரிய டாக்டர் "கட்டிலில் இடித்திருக்கும், விடுங்க" என்ற பிறகு என்ன செய்வது என்பதுதான். ஒருமுறை அப்படி வாயை மூடிக்கொண்டேன், நாலே வாரத்தில் அதே குழந்தை கை முறிந்து திரும்பி வந்தது. லண்டனில் 2000-இல் கொடுமைக்குள்ளாகி இறந்த எட்டு வயது விக்டோரியா கிளிம்பியே விஷயத்திலும் கிட்டத்தட்ட இதேதான்: ஒரு மருத்துவர் சந்தேகப்பட்டார், அவருக்கு மேலே இருந்த மருத்துவர் உடம்பில் இருந்த தடயங்கள் வெறும் சிரங்கு என்று சொல்லிவிட்டார், பிறகு லேமிங் பிரபு தலைமையில் நடந்த அரசு விசாரணையில் தலையிட்டிருக்கக்கூடிய சந்தர்ப்பங்கள் 12 என்று தெரியவந்தது. மேலே உள்ள கருத்துகளில் ஒருவர், ஆதாரம் இல்லாமல் புகார் செய்தால் குடும்பமே சிதைந்துவிடும் என்று எழுதியிருக்கிறார். சரி, அந்தப் பயம் புரிகிறது, ஆனால் ஆதாரம் தேடுவது நம் வேலையே இல்லை, பார்த்ததையும் குழந்தை சொன்னதையும் அதே வார்த்தைகளில் தேதி, நேரத்தோடு எழுதிப் பொறுப்பானவரிடம் கொடுப்பதுதான் நம் வேலை. நிஜமாகவே பயிற்சி கொடுக்க நினைத்தால் சமூகப் பணியாளர், டாக்டர், நர்ஸ் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, "இல்லை டாக்டர், எனக்குச் சந்தேகம் தீரவில்லை" என்று சத்தமாகச் சொல்லிப் பழக்குங்கள், அதுவும் அந்தப் பெரிய டாக்டர் முன்னாடியே.