சேமிப்பு எந்த நாணயத்தில் இருக்கிறது?

ஐரோப்பிய ஆணையம் மாதாமாதம் பொருளாதார மனநிலைக் குறியீடு வெளியிடுகிறது. தொழிற்சாலைகள், கடைகள், குடும்பங்கள் என்று பலரிடமும் கேட்டு, நீண்டகாலச் சராசரியை 100 ஆக வைத்துக் கணக்கிடுகிறார்கள். பயனுள்ள எண்தான். ஆனால் அரசுப் பொருளாதாரத்திலிருந்து சந்தைக்கு மாறிய நாடுகளை அதை மட்டும் வைத்து எடைபோடுவது தவறு என்று நினைக்கிறேன். அங்கே "அடுத்த வருஷம் நன்றாக இருக்குமா?" என்பதைவிட "சொன்ன சொல் நிற்குமா?" என்பதுதான் பெரிய கேள்வி.

ரஷ்யாவில் 1998 ஆகஸ்ட் 14 அன்று, ரூபிளின் மதிப்பு குறைக்கப்படாது என்று அதிபர் எல்ட்சின் அடித்துச் சொன்னார். 17ஆம் தேதி ரூபிளைச் சரிய விட்டார்கள். அரசுக் கடன் பத்திரங்களுக்குப் பணம் தருவதும் நின்றது. அதற்கு முந்தைய வருஷம்தான் ரஷ்யப் பங்குச் சந்தை கிடுகிடுவென ஏறியிருந்தது. யாருடைய உற்சாகம் அது? பெரும்பாலும் வெளிநாட்டு முதலீட்டாளர்களுடையது. 1992இல் விலைக் கட்டுப்பாடு நீங்கி விலைவாசி எகிறியபோது சேமிப்பெல்லாம் கரைந்ததைப் பார்த்த சாதாரணக் குடும்பங்கள், கையில் மிஞ்சியதை டாலராக மாற்றி வீட்டில் வைத்திருந்தன. அப்புறம் வெளியாட்கள் விற்க ஆரம்பித்தபோது, வாங்க உள்ளூரில் ஆள் இல்லை. மனநிலை மாறியதும் பங்கு விலை ஆழமாக விழுவதற்கு இது முக்கியக் காரணம்.

பல்கேரியாவின் கதை எனக்கு இன்னும் முக்கியம். 1996இல் வங்கிகள் வரிசையாக விழுந்தன. 1997 பிப்ரவரி ஒரே மாதத்தில் விலைவாசி மூன்று மடங்கைத் தாண்டியது. ஜூலை 1 அன்று கரன்சி போர்டு வந்தது: 1,000 லெவ் (பல்கேரிய நாணயம்) ஒரு ஜெர்மன் மார்க்குக்குச் சமம், புழக்கத்தில் விடும் பணத்துக்கு ஈடாக அந்நியச் செலாவணி கையிருப்பு இருந்தாக வேண்டும். அரசுக்கு இஷ்டப்படி நோட்டு அடிக்கும் வழியைச் சட்டமே அடைத்தது. வட்டி விகிதம் மளமளவென ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. மக்கள் திடீரென்று உற்சாகமானதால் அது நடக்கவில்லை. இதற்கு விலையும் உண்டு: நெருக்கடி வந்தால் வட்டியையோ நாணய மதிப்பையோ மாற்றிச் சமாளிக்க முடியாது. ஆனால் பிடித்த பிடியை அவர்கள் விடவில்லை; 2026 ஜனவரியில் யூரோவுக்குப் போகும்வரை அந்த விகிதம் அசையவில்லை.

அதனால்தான் இப்படிப்பட்ட நாட்டைப் பற்றிப் படிக்கும்போது நான் முதலில் பார்ப்பது, வங்கி வைப்புத்தொகையில் எவ்வளவு டாலரிலும் யூரோவிலும் இருக்கிறது என்பதை. சொந்த நாணயத்தை மக்கள் எவ்வளவு நம்புகிறார்கள் என்பதை அது காட்டும். மனநிலைக் குறியீடு அதற்குப் பிறகுதான்.