சென்னைக்கு ஒரு சித்திரக்கதைக் காப்பகம் வேண்டும்

சென்னையில் சித்திரக்கதைக் காப்பகம் ஒன்று வேண்டும். அச்சான புத்தகங்களுக்கு நூலகங்கள் இருக்கின்றன. நான் கேட்பது, அந்தப் புத்தகங்களுக்காக ஓவியர்கள் அட்டையில் கையால் வரைந்துகொடுத்த ஒரிஜினல்களைப் பத்திரமாக வைக்கவும், யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கவும் ஓர் இடம். 2025 ஜனவரி கடைசியில் பிரான்சின் அங்குலேம் காமிக்ஸ் விழாவுக்கு விருந்தினராகப் போய்வந்தேன். அதிலிருந்து சந்திக்கிற எல்லோரிடமும் இதையே பேசிக்கொண்டிருக்கிறேன். இன்று உட்கார்ந்து விரிவாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் அந்த ஊர். பாரிசிலிருந்து அதிவேக ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஷாரோந்த் ஆற்றை ஒட்டிய குன்றின் மேல், பழைய கோட்டைச் சுவர்களோடு இருக்கிற சின்ன ஊர். 40,000 பேர் சொச்சம் வசிக்கிறார்கள். விழா நடக்கும் நாட்களில் அதைப்போலப் பல மடங்கு கூட்டம் வந்து இறங்குகிறது. 1974 முதல் நடக்கிற விழா. ரயில் நிலையத்துக்கு வெளியே, ஆஸ்ட்ரிக்ஸ் கதைகளை எழுதிய கோசினிக்கு ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. டின்டினை உருவாக்கிய எர்ஜேயின் பெயரில் ஒரு கடைத்தெரு, அங்கே அவருடைய மார்பளவுச் சிலை. தெருப்பெயர்ப் பலகைகள் வசன பலூன் வடிவத்தில் இருக்கின்றன. நடந்து போகும்போது திடீரென்று ஒரு கட்டடத்தின் பக்கச்சுவர் முழுக்கச் சித்திரக்கதைக் காட்சி வரும்.

அங்குலேம் ஒரு காலத்தில் காகிதத்தால் பிழைத்த ஊர். ஆற்றங்கரையில் காகித ஆலைகள் இருந்தன. அதில் ஒன்றை இப்போது காகித அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். இதைக் கேட்ட நொடியில் எனக்குச் சிவகாசி ஞாபகம் வந்துவிட்டது. அச்சும் காகிதமுமாக வாழ்கிற ஊர் நமக்கும் இருக்கிறது. 1972 இல் இரும்புக்கை மாயாவி கதையோடு முத்து காமிக்ஸ் வந்தது, 1984 இல் லயன் காமிக்ஸ் வந்தது, இரண்டுக்கும் வேர் சிவகாசிதான். வெளிநாட்டுக் கதைகளைத் தமிழில் பேசவைத்து, அரை நூற்றாண்டாக ஒரு வாசகர் கூட்டத்தைக் காப்பாற்றி வருகிறார்கள். ஆக, அச்சகம் இல்லை, வாசகர் இல்லை என்றெல்லாம் நாம் சாக்குச் சொல்ல முடியாது.

விருந்தினர் என்றால் மேடையில் பொன்னாடை போர்த்திக்கொள்வது என்று நம் ஊரில் நினைப்பார்கள். அங்கே அது வேலை. மேசைக்கு முன்னால் உட்கார வேண்டும். புத்தகம் வாங்கியவர் முதல் பக்கத்தைத் திறந்து நீட்டுவார், அதில் கையெழுத்தோடு ஒரு படமும் வரைந்து தர வேண்டும். அதற்காக அந்தக் குளிரில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள். வரையும்போது பேச்சுக் கொடுப்பதில்லை, கையையே பார்க்கிறார்கள். கோடு எங்கே தொடங்குகிறது, மை எங்கே அழுத்தமாகிறது என்று சின்னப் பிள்ளைகள்கூட உற்றுப் பார்க்கிறார்கள். நான் மாணவியாக இருந்த காலத்துக்குப் பிறகு என் கையை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

இங்கிருந்து கொண்டுபோன லக்கி லூக் என்ற கௌபாய் சித்திரக்கதையின் தமிழ்ப் பதிப்பை மேசையில் வைத்திருந்தேன். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் அதை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். சின்ன வயதில் தான் படித்த கதையின் பலூன்களுக்குள் நம் எழுத்து இருப்பதைப் பார்த்து அவருக்கு அவ்வளவு சந்தோஷம். மொழிபெயர்ப்பாளர் வழியாக நிறைய விசாரித்தார். கடைசியில் கேட்டார்: "எங்கள் ஓவியர்களை நீங்கள் படிக்கிறீர்கள், சரி. உங்கள் ஊர்ப் பெரியவர்கள் வரைந்த ஒரிஜினல்களைப் பார்க்க வேண்டுமென்றால் நான் சென்னையில் எங்கே போக வேண்டும்?"

அம்புலிமாமா வந்தது வடபழனியிலிருந்து. 1947 இல் தொடங்கி, பல மொழிகளில் இந்தியா முழுக்கப் போன பத்திரிகை. அதில் விக்கிரமாதித்தனும் வேதாளமும் வரைந்த சங்கர் நம் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். 2020 இல் காலமானார், அடுத்த வருஷம் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். தோளில் வேதாளத்தைச் சுமந்துகொண்டு வாளோடு நடக்கிற அந்த ராஜாவைத் தெரியாத வீடு உண்டா? ஓவியர் கோபுலுவின் கோடுகளைத் தெரியாத விகடன் வாசகர் உண்டா? சிறுவர் எழுத்தாளர் வாண்டுமாமாவின் கதைகளுக்கு செல்லம் வரைந்த படங்களைப் பார்த்துத்தான் நான் பென்சிலைக் கையில் எடுத்தேன். இவ்வளவு பேர் இருந்தும், அந்த ஆசிரியருக்கு நான் சொல்ல ஒரு முகவரி இல்லை. நல்ல நாள் பார்த்து யாராவது கண்காட்சி வைத்தால் உண்டு. ஒரு மாணவி ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் போய், இவர்கள் பிரஷ் பட்ட அட்டையின் முன்னால் நிற்க ஒரு பொதுக்கூடம் இந்த ஊரில் இல்லை.

அங்குலேமில் இருக்கிறது. ஆற்றங்கரையில் பழைய மதுக்கிடங்குகளை மாற்றிக் கட்டி, 2009 இல் காமிக்ஸ் அருங்காட்சியகம் திறந்தார்கள். விழா முடிந்தாலும் அது வருஷம் முழுக்க நடக்கிறது. உள்ளே வெளிச்சம் குறைவு. முதலில் கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். காகிதமும் மையும் வெளிச்சத்தில் வெளுத்துவிடும் என்பதால், காட்சியில் இருக்கும் படங்களைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றி, பழையதை இருட்டறைக்கு ஓய்வெடுக்க அனுப்புகிறார்கள். நான் அங்கே ஒரே பக்கத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன். அச்சில் அது சுத்தமான கறுப்புக்கோடு. ஒரிஜினலில் கோட்டுக்கு அடியில் வெளிர்நீலப் பென்சில் தடம் தெரிகிறது. ஒரு முகம் சரியாக வரவில்லை என்று ஓவியர் வெள்ளை பூசி மேலே மறுபடி வரைந்திருக்கிறார். ஒரு பேனலில், அதாவது ஒரு காட்சிக் கட்டத்துக்குள், தனித்துண்டு வெட்டி ஒட்டியிருக்கிறார். ஓரத்தில் அச்சகத்துக்குக் குறிப்பு. பிரஷ் காய்ந்துபோய்க் கோடு பிசிறடித்த இடத்தை அப்படியே துணியின் மடிப்பாக மாற்றியிருக்கிறார். ஒரு பெரிய ஓவியர் எங்கே தயங்கினார், எப்படித் தப்பித்தார் என்பது ஒரிஜினலில்தான் தெரியும். கல்லூரியில் யாரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை, சொல்லித்தரவும் அவர்களிடம் படம் இல்லை.

நம் ஊரில் இந்த அட்டைகளுக்கு என்ன ஆயிற்று? ஓவியர் வரைந்து கொடுப்பார். அச்சிட உலோகப் பிளாக் செய்யப் போகும், பின்னாளில் ஆஃப்செட் அச்சுக்கு நெகடிவ் எடுக்கப் போகும். இதழ் வெளிவந்ததும் அந்த அட்டையின் வேலை முடிந்தது. கேட்டால் திருப்பித் தந்த இடங்கள் உண்டு. ஆனால் கேட்க வேண்டும் என்றே பலருக்குத் தோன்றவில்லை, சன்மானம் வந்தால் போதும் என்ற நிலைமை. மிச்சமெல்லாம் அலுவலகம் இடம் மாறும்போது மூட்டையாகப் பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கிறது. நானே ஒரு பத்திரிகைக்குத் தொடராக வரைந்த பக்கங்களைக் கேட்டுப் போனபோது, கிடங்கைக் காலி செய்துவிட்டோம் என்று சொன்னார்கள்.

வீட்டுக்குத் திரும்பி வந்த படங்களின் கதையும் கஷ்டம்தான். ஜாபர்கான்பேட்டையில் ஒரு மூத்த ஓவியரின் வீட்டில், கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டி நிறைய ஒரிஜினல்கள் இருந்தன. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. "அப்பாவைத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போனோம்க்கா. பெட்டி ஞாபகமே வரல. அஞ்சு நாள் கழிச்சுத் திறந்தா எல்லாம் கூழா இருந்துச்சு" என்றாள் அவர் மகள். அவளை யார் குறைசொல்ல முடியும்? ஒரு நகரத்தின் சொத்தை ஒரு குடும்பம் கட்டிலுக்கடியில் தனியாகக் காப்பாற்ற வேண்டியிருந்தது, அதுதான் தவறு.

ஒரு காகிதத்தின் மதிப்பு என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டின்டினின் 'நீலத் தாமரை' கதைக்கு எர்ஜே 1936 இல் வரைந்த ஓர் அட்டைப்படத்தை, அச்சிடச் செலவு அதிகம் என்று அப்போது வேண்டாம் என்றார்கள். மடித்து வைத்த தழும்புகளோடு பல வருஷம் ஒரு மேசை இழுப்பறையில் கிடந்த படம் அது. 2021 இல் பாரிசில் ஏலத்துக்கு வந்தபோது 30 லட்சம் யூரோவுக்கு மேல் போனது. நம் படங்களுக்கு அந்த விலை வர வேண்டும் என்பதில்லை. வேண்டாம் என்று ஒதுக்கிய காகிதத்தைக்கூட யாரோ பெருக்கித் தள்ளாமல் வைத்திருந்தார்கள், அதுதான் எனக்கு முக்கியம்.

பிரான்சில் எல்லாம் பாலும் தேனும் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே காமிக்ஸ் வரைபவர்களிடம் நடத்தி 2016 இல் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பில், பதில் சொன்னவர்களில் பாதிப்பேருக்கு மேல் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழேதான் சம்பாதித்தார்கள். அதே வருஷம் அங்குலேமின் பெரிய விருதுக்கு அறிவித்த 30 பெயர்களில் ஒரு பெண்கூட இல்லை. பட்டியலில் இருந்த ஆண்களே சிலர் எங்கள் பெயரை எடுத்துவிடுங்கள் என்றார்கள். இந்த 2026 ஜனவரியில் விழா நடக்கவேயில்லை. நிர்வாகத்தின் போக்கைக் கண்டித்துப் படைப்பாளிகள் வர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், விழா ரத்தானது. போன வருஷம் அதே கூடாரத்தில் உட்கார்ந்து வரைந்தவள் நான். செய்தி வந்தபோது வருத்தமாகத்தான் இருந்தது. கூடவே பெருமையாகவும் இருந்தது. ஓவியர்கள் வராவிட்டால் விழா இல்லை என்று ஒரு நாட்டுக்கே புரிய வைத்திருக்கிறார்கள்.

சரி, நம்மால் என்ன முடியும்? சென்னைக்கு இது ஒன்றும் எட்டாத காரியம் இல்லை. 1954 ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் அச்சாகிற புத்தகத்தின் ஒரு பிரதி எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கும் வர வேண்டும். 1896 இல் திறந்த நூலகம் அது. அச்சான பிரதியைக் காக்க எழுபது வருஷத்துக்கு முன்பே வழி செய்தாயிற்று. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ஒருவர், தன் கைக்காசைப் போட்டுச் சேர்த்த புத்தகங்களிலிருந்து பிறந்த நூலகம். பழைய காகிதத்தைப் பராமரிக்கவும் படியெடுக்கவும் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிக் காத்திருக்க வேண்டாம். இருக்கிற அரசு நூலகம் ஒன்றில் குளிரூட்டிய ஓர் அறை, தட்டையான இழுப்பறைகள், காகிதம் தெரிந்த இரண்டு ஊழியர்கள், ஒரு பதிவேடு. இதில் தொடங்கலாம். 2023 முதல் சென்னையில் பன்னாட்டுப் புத்தகக் காட்சி நடத்தி, தமிழை வெளியே கொண்டுபோக மொழிபெயர்ப்புக்குப் பணம் தருகிறது அரசு. நல்ல வேலை. அந்த அக்கறையில் கொஞ்சம் ஓவியர்களின் பக்கமும் திரும்பட்டும்.

ஸ்கேன் பண்ணி வைத்தால் போதாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். ஸ்கேன் அவசியம்தான், நாளைக்கே தொடங்க வேண்டும். ஆனால் ஒட்டுத்துண்டின் தடிமனும் வெள்ளைப் பூச்சின் மேடும் திரையில் வராது. அப்புறம், இன்றைக்கு ஸ்கேன் செய்வதற்காவது அந்த அட்டை எங்காவது இருக்க வேண்டுமே!

காப்பகம் வரும்வரை செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். உங்கள் வீட்டில், தாத்தாவுடையதோ சித்தப்பாவுடையதோ, பத்திரிகைக்கு வரைந்த படங்கள் இருந்தால் தயவுசெய்து பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். கிழிந்திருந்தால் செலோடேப் ஒட்டாதீர்கள், அதன் பசை மஞ்சளாகி மையைத் தின்றுவிடும். சுருட்ட வேண்டாம், லேமினேட் செய்யவே வேண்டாம், நம் ஊர்ப் புழுக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் பூஞ்சை பிடிக்கும். அமிலம் இல்லாத காகிதம் என்று கேட்டு வாங்கி ஒவ்வொரு படத்துக்கும் இடையில் வைத்து, தரையிலிருந்து உயரமான அலமாரியில் தட்டையாக அடுக்குங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எடுத்து காகிதம் தின்னும் இராமபாணப் பூச்சி வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் ஓவியர் பெயர், பத்திரிகை, வருஷம் மூன்றையும் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பிறகு எனக்கு இன்பாக்ஸில் ஒரு வரி போடுங்கள். யாரிடம் என்ன இருக்கிறது என்ற பட்டியலை நான் தொடங்கிவிட்டேன், அரசிடம் போய்க் கேட்கும்போது அது கையில் இருக்க வேண்டும்.