டைம்ஸோன் உள்ளே உட்காருவதில்லை
“போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ்ல டைம்ஸ்டாம்ப் வித் டைம்ஸோன்னு ஃபீல்டு வெச்சா ஸோனும் (எந்த ஊர் நேரம்ங்கிறதும்) சேர்ந்தே சேவ் ஆகும்”னு மேல ஒருத்தர் சொன்னது தப்புங்க. பேரைப் பார்த்து எல்லாருமே ஏமாறுறதுதான். போஸ்ட்கிரஸ் உள்ளே வர்ற நேரத்தை யூடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாத்தி 8 பைட்ல வைக்கும், ஸோனைத் தூக்கிப் போட்டுடும். திரும்பக் காட்டுறது செஷன்ல (டேட்டாபேஸோட அப்போ இருக்கற இணைப்புல) எந்த ஸோன் செட் ஆகியிருக்கோ அதுல.

எங்க வாளையார் எடைமேடையில ராத்திரி 2:10க்கு ஏறின லோடு, யூடிசி செஷன்ல முந்தின நாள் 20:40. தேதிவாரி ரிப்போர்ட்ல ஒரு வண்டி குறையும். டிரைவர்கிட்ட சண்டை வேற!

மைஎஸ்கியூஎல்ங்கிற இன்னொரு டேட்டாபேஸ் இன்னும் வம்பு. செஷன் ஸோனை மாத்தினா டைம்ஸ்டாம்ப் வகை ஃபீல்டு காட்டுற நேரம் நகரும், டேட்டைம் வகை அசையாது. ரெண்டும் ஒரே டேபிள்ல இருந்தா, யூடிசிக்கும் நம்ம நேரத்துக்கும் உள்ள ஐந்தரை மணி நேரம் இடிக்கும். எந்த ஊர் நேரம்னு தெரியணும்னா ‘ஆசியா/கொல்கத்தா’ன்னு தனி ஃபீல்டுலயே எழுதி வைங்க.