ராகு காலம் எந்தக் கடிகாரத்தில் ஓடுகிறது?

வெள்ளிக்கிழமை என்றால் பத்தரை டு பன்னிரண்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். சேலத்தில் தை மாசத்தில் அது தப்பு.

நம்பிக்கையைக் கிண்டல் பண்ண வரவில்லை. பார்க்கிறவர்கள் கணக்கை ஒழுங்காகப் போட்டுப் பாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

உதயம் முதல் அஸ்தமனம் வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ராகு காலம். வெள்ளிக்கு நாலாவது பங்கு. காலை 6, மாலை 6 என்று வைத்துக்கொண்டால்தான் 10.30 – 12 வரும். ஜனவரி கடைசியில் நம்மூரில் சூரியன் 6.40 தாண்டித்தான் வருகிறது, மறைய 6.15-க்கு மேல் ஆகிறது. வகுத்துப் பாருங்கள்: ராகு காலம் சுமார் 11.03-க்குத் தொடங்கி 12.30 வரை போகும். "கழிஞ்சிருச்சு" என்று 12.05-க்கு அட்வான்ஸ் கொடுப்பவர் அதன் நடுவில் உட்கார்ந்துதான் கொடுக்கிறார். (ஏற்காட்டு முனையில் நின்றால் உதயம் சில நிமிடம் முன்னாடியே தெரியுமே, அவர்களுக்கு ராகு வேறா என்று மடக்காதீர்கள். பஞ்சாங்கம் மலை உயரம் பார்ப்பதில்லை.)

பகல் நீண்டால் பங்கும் நீளும் என்பது பழைய உலகத்துக் கணக்கு. எகிப்தியரும் ரோமானியரும் பகலைப் பன்னிரண்டாகப் பிரித்தார்கள். கோடையில் அவர்களுடைய மணி நீளம், குளிர்காலத்தில் குட்டை. நம் நாழிகை வேறு ரகம். நாளுக்கு 60, ஒவ்வொன்றும் 24 நிமிடம், அளக்க நாழிகை வட்டில் என்கிற நீர்க் கடிகாரம். ஆனால் எண்ணத் தொடங்குவது உதயத்திலிருந்துதான். ஐரோப்பாவில் 14-ஆம் நூற்றாண்டில் இயந்திரக் கடிகாரங்கள் பரவிய பிறகே பருவம் பார்க்காத சம அளவு மணி அங்கே ஊர் வழக்கமானது.

அப்போதும் ஊருக்கு ஊர் உச்சி வேளை தனித்தனி. அதை முடித்து வைத்தது ரயில். சென்னை வானாய்வகத்தில் 1802-இல் அங்கிருந்த வானியலாளர் கோல்டிங்ஹாம் கணித்த மெட்ராஸ் நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால். பிற்பாடு ரயில்வே அதை எடுத்துக்கொண்டது. 1906-இல் உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர் பக்கம் போகிற 82½ டிகிரி தீர்க்கரேகையை வைத்து இந்திய நேரம் வந்தது. சேலம் அதற்கு மேற்கே நாலு டிகிரிக்கு மேல். டிகிரிக்கு 4 நிமிடம். ஆக நம்மூர் உச்சி வேளை சராசரியாக 12.17. சந்தேகம் இருந்தால் ஏப்ரல் 21 வாக்கில், சூரியன் சேலத்துக்கு நேர் மேலே வரும்போது, மொட்டை மாடியில் ஒரு குச்சியை நட்டுவைத்து நிழல் எப்போது காணாமல் போகிறது என்று பாருங்கள். 12.16 ஆகும்.

இன்னொன்று. உலகப்போர் சமயத்தில், 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரை, இந்தியக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தது சர்க்கார். ராகுவுக்கு அந்த உத்தரவு போயிருக்குமா?

இதையெல்லாம் எங்கள் வாடகை வீட்டு ஓனரிடம் விளக்கினேன். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வெள்ளிக்கிழமைதான் அவருக்கு ஒத்துவரும். பொறுமையாகக் கேட்டார். "சரிங்க, உங்க கணக்கும் வேண்டாம் என் கணக்கும் வேண்டாம், சாப்பிட்டுட்டு ஒரு மணிக்கு மேல வந்துருங்க" என்றார்.