தமிழ் பைபிள், சீகன்பால்கு தனியாக முடித்த வேலை இல்லை

"சீகன்பால்கு ஒருவரே முழு பைபிளையும் தமிழில் பெயர்த்து அச்சிட்டு முடித்தார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது சரியில்லை. ஜெர்மன் மிஷனரியான சீகன்பால்குமேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, ஆனால் இப்படிச் சொன்னால் கூட இருந்தவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள்.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, 1719 பிப்ரவரியில் 36 வயதில் நோயால் இறந்தார். புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகிவிட்டது. பழைய ஏற்பாட்டில் ரூத் என்ற நூல் வரைதான் அவரால் மொழிபெயர்க்க முடிந்தது. மிச்சத்தை மொழிபெயர்த்து 1720களில் அச்சேற்றியவர் பின்னால் வந்த மிஷனரி பெஞ்சமின் சூல்ட்சே. அவர் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்ததே சீகன்பால்கு இறந்து சில மாதங்கள் கழித்துத்தான்.

அந்த இடைவெளியில் பாரத்தைச் சுமந்தவர் சக மிஷனரி கிரண்ட்லர். பல வருஷம் கூடவே உழைத்த நண்பரைப் புதைத்துவிட்டு, தன் உடம்பும் முடியாத நிலையில், புதிதாக வந்தவர்களை வரவேற்று வேலையை அவர்கள் கையில் ஒப்படைத்தார். 1720 மார்ச்சில் அவரும் போய்விட்டார். தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்தில் இருவர் கல்லறையும் இருக்கிறது. கிரண்ட்லர் பெயரைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அச்சு வேலையும் அப்படித்தான். லண்டனிலிருந்து அச்சு இயந்திரம் வந்தது, அதை இயக்க வந்தவர் வழியிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். அப்புறம் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். பொறையாரில் காகிதப் பட்டறையும் போட்டார்கள்.

அந்தப் புதிய ஏற்பாட்டை "தமிழின் முதல் அச்சுப் புத்தகம்" என்று சொல்வதும் தவறு. 1578இலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற கிறிஸ்தவ நூல் தமிழில் அச்சாகிவிட்டது.