வார்ம் அப்பை வெட்டிவிட்டு வருகிற வீடியோக்கள்

வீட்டிலிருந்தே உடற்பயிற்சி செய்வதற்கான வீடியோக்களில் ஒரு வழக்கம் பரவிக்கொண்டிருக்கிறது. தொடங்கியதும் ஒரு வணக்கம், ஒரு சிரிப்பு, "வார்ம் அப் நீங்களே முடிச்சிருப்பீங்கன்னு நினைக்கிறேன், ஆரம்பிக்கலாமா?" என்று ஒரு வரி. பயிற்சிக்கு முன் உடலை மெல்ல அசைத்துச் சூடாக்குவதுதான் வார்ம் அப். அதை விட்டுவிட்டு அடுத்த நொடியே ஜம்ப் ஸ்குவாட், அதாவது பாதி உட்கார்ந்து எழுந்து குதிப்பது. யாரும் முடித்திருக்க மாட்டார்கள் என்பது சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும்.

காரணம் தலைப்புதான் என்று நினைக்கிறேன். "15 நிமிடத்தில் முழு உடலுக்கும்" என்று போட்டுவிட்டு, அதில் ஐந்து நிமிடம் தோளைச் சுழற்றிக்கொண்டிருந்தால் பார்ப்பவர் அடுத்த வீடியோவுக்குத் தாவிவிடுவார். வார்ம் அப்பில் வியர்வை கொட்டாது, துள்ளல் இருக்காது, கேமராவுக்கும் தீனி இல்லை. அதனால் முதலில் கத்தரி விழுவது அதன் தலையில்தான். வியாபாரக் கணக்காகப் பார்த்தால் புரிகிறது. ஆனால் மற்ற யாரையும்விட வீட்டில் செய்கிறவருக்குத்தான் வார்ம் அப் அதிகம் தேவை என்பது என் கட்சி.

ஜிம்முக்குப் போகிறவர் அங்கே போய்ச் சேர்வதற்குள் கொஞ்சமாவது நடந்திருப்பார், நாலு படி ஏறியிருப்பார். வீட்டில் செய்கிறவருக்கு நாற்காலியிலிருந்து எழுந்து இரண்டடி வைத்தால் யோகா மேட். சிலர் படுக்கையிலிருந்தே நேராக இறங்கி வருவார்கள். மணிக்கணக்காக மடங்கிக் கிடந்த இடுப்பையும் முழங்காலையும் எடுத்த எடுப்பிலேயே குதிக்கச் சொல்கிறோம்.

உள்ளே நடப்பதைப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் கைகால் தசைகளுக்குப் போகிறது. கடும் பயிற்சியின்போது அது ஐந்தில் நான்கு பங்கு வரை ஏறிவிடும். ரத்தத்தை இப்படித் திருப்பிவிட உடலுக்குச் சில நிமிடங்களாவது வேண்டும். தசை சூடானால்தான் சுருங்குவதும் தளர்வதும் வேகமாகும். மூட்டுகளுக்குள் இருக்கும் திரவமும் அசைவில்தான் இளகும். அவகாசமே கொடுக்காமல் முதல் நிமிடத்திலேயே பர்பி (குனிந்து கையூன்றி, கால்களைப் பின்னால் தள்ளி, திரும்ப எழுந்து குதிப்பது) போட்டால், மூச்சு வாங்கி நிற்பதைப் பார்த்து "நமக்கு ஸ்டாமினா இல்லை" என்று முடிவு கட்டிவிடுவோம். பாதி நேரம் அது ஸ்டாமினா பிரச்சினையே இல்லை.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. திரையில் இருக்கும் பயிற்சியாளருக்கு நம்மைத் தெரியாது. நேற்று நாம் தூங்கினோமா, இடது முழங்கால் இன்று எப்படி இருக்கிறது, ஒன்றும் தெரியாது. அவர் பாட்டுக்கு எண்ணிக்கொண்டே போவார். நம் உடலை நாமே விசாரித்துக்கொள்ள அந்த வீடியோவில் இருக்கிற ஒரே இடம் வார்ம் அப்தான். நிதானமாக ஒரு ஸ்குவாட் உட்கார்ந்து பாருங்கள். முதல் தடவை குதிகால் தரையிலிருந்து லேசாகத் தூக்கும், உடம்பு முன்னால் சாயும், கணுக்கால் மடங்க மறுக்கும். ஏழெட்டு தடவை மெதுவாக இறங்கி ஏறினால் பலருக்குக் குதிகால் தானாகவே தரையில் படிந்துவிடும். படியவே இல்லை, அல்லது முழங்காலில் சுருக்கென்று குத்துகிறது என்றால் இன்றைக்குக் குதிக்கிற வேலை வேண்டாம் என்று தெரிந்துவிடும். அந்தத் தகவல் குதித்த பிறகு கிடைப்பதில் என்ன பிரயோஜனம்?

அதனால்தான், பெயருக்கு ஒரு நிமிடம் கழுத்தைச் சுற்றிவிட்டு "வார்ம் அப் ஆச்சு" என்கிற வீடியோக்களும் எனக்கு ஒப்பவில்லை. அன்றைக்குச் செய்யப்போகிற அசைவுகளின் எளிய வடிவம் அதில் இருக்க வேண்டும். லஞ்ச் (ஒரு காலை முன்னால் வைத்து முழங்காலை மடக்கி இறங்குவது) வரப்போகிறதா, இடுப்பைச் சுழற்றி, காலை முன்னும் பின்னும் வீசி, பாதி ஆழத்தில் நாலு லஞ்ச். புஷ் அப் என்றால் முதலில் சுவரைத் தள்ளிப் பழகலாம். அப்புறம், குனிந்து கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பது தொடக்கத்தில் வேண்டாம். ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால் உடனடியாக அதன் வலு கொஞ்சம் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கொஞ்ச நேரம் பிடித்தால் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் அது வார்ம் அப்புக்கு ஈடாகாது.

நார்வேயில் 13 முதல் 17 வயதுள்ள கால்பந்து வீராங்கனைகளிடம் செய்த ஓர் ஆய்வு 2008இல் வெளிவந்தது. சுமார் 20 நிமிட வார்ம் அப் திட்டத்தைப் பின்பற்றிய அணிகளில் மொத்தக் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தன, கடுமையானவை கிட்டத்தட்ட பாதியாகின. கால்பந்து வேறு, நம் வரவேற்பறை வேறு, சரி. ஆனால் அந்தத் திட்டத்தில் ஓட்டத்தோடு சமநிலைப் பயிற்சியும், வலுப் பயிற்சியும், குதித்து ஒழுங்காகத் தரையிறங்கும் பயிற்சியும் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். கழுத்தைச் சுற்றிக் கிடைத்த பலன் அல்ல அது.

கூல் டவுன், அதாவது பயிற்சி முடிந்ததும் மெல்ல அசைந்து உடலைத் தணிப்பது, இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் வேறு மாதிரி. அதற்காக வாதாடுகிறவர்கள் சொல்கிற காரணமே பெரும்பாலும் தவறு. "லாக்டிக் அமிலம் வெளியேறும், நாளைக்கு வலிக்காது" என்பார்கள். நாம் சோபாவில் விழுந்து கிடந்தாலும் லாக்டேட் (ரத்தத்தில் அந்த அமிலம் இருக்கும் வடிவம்) ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். மறுநாள் வருகிற வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2007இல் ஆஸ்திரேலியாவில் 52 பேரை ட்ரெட்மில்லின் இறக்கத்தில் பின்பக்கமாக நடக்க வைத்துப் பார்த்தார்கள். முன்னால் செய்த வார்ம் அப் தசைவலியைக் கொஞ்சம் குறைத்தது; பின்னால் செய்த கூல் டவுன் குறைக்கவில்லை. கடைசியில் செய்கிற ஸ்ட்ரெட்ச்சிங்கும் மறுநாள் வலியைப் பெரிதாகக் குறைப்பதில்லை.

அப்படியானால் கூல் டவுன் எதற்கு? மயக்கம் வராமல் இருக்க. வேகமாக அசையும்போது காலில் இருக்கும் ரத்தத்தை மேலே தள்ளுவதில் கால் தசைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. பர்பி முடிந்த கையோடு அசையாமல் நின்றால் அந்தத் தள்ளல் நின்றுபோகும், ஆனால் ரத்தக் குழாய்கள் இன்னும் விரிந்தே இருக்கும். ரத்தம் காலில் தேங்கி, அழுத்தம் சரிந்து, கண் இருட்டும். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தீர்வு ரொம்பச் சாதாரணம்: ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே மெதுவாக நடை, மூச்சு சீராகும்வரை. சூடான தசையை இழுத்து நீட்டுவது அப்போது சுகமாகவும் இருக்கும். சுகமாக இருக்கிறது என்பதே போதுமான காரணம், அதற்கு அறிவியல் சாயம் பூச வேண்டியதில்லை.

ஒரு புது வீடியோவைத் தொடங்கும் முன், கீழே இருக்கும் கோட்டை இழுத்து முதல் மூன்று நிமிடத்தையும் கடைசி மூன்று நிமிடத்தையும் மட்டும் பார்த்துவிடுகிறேன். முதலில் குதித்துக்கொண்டிருந்தாலோ, கடைசியில் மூச்சு வாங்கியபடியே "சப்ஸ்கிரைப் பண்ணுங்க" என்று கையாட்டினாலோ, அடுத்ததைத் தேட வேண்டியதுதான். வீடியோ போடுகிறவர்களிடம் ஒரே வேண்டுகோள்: 15 நிமிடம் என்கிற தலைப்பை 25 என்று மாற்றுங்கள். நேரம் இல்லாதவர் நடுவில் ஒரு சுற்றைக் குறைத்துக்கொள்ளட்டும்.