ஜூலையில் வாங்கியவர்களை ஆகஸ்டில் கைவிட்ட அணி

லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் பேஸ்பால் அணியின் 2023ஆம் ஆண்டுப் பருவத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அணியின் நட்சத்திரமான ஷோஹெய் ஓதானியை அந்த ஜூலையிலேயே வேறு அணிக்குக் கொடுத்து நல்ல இளம் ஆட்டக்காரர்களை வாங்கியிருக்க வேண்டும் என்ற தீர்ப்போடு உரையாடல் முடிந்துவிடுகிறது. அந்த அணியின் ரசிகன் என்ற முறையில் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஓதானியை வைத்துக்கொண்டது தவறே அல்ல என்பது என் கட்சி. அவரை வைத்துக்கொண்டு கடைசிவரை போராடுவோம் என்று முடிவெடுத்த நிர்வாகம், ஐந்து வாரம் முடிவதற்குள் அதே முடிவைத் தன் கையாலேயே கலைத்துப்போட்ட விதம்தான் எனக்கு இன்றும் ஆறாமல் இருக்கிறது.

கிரிக்கெட் மட்டும் பார்க்கும் நண்பர்களுக்காகச் சிறிது விளக்கம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணியும் பருவத்துக்கு 162 ஆட்டங்கள் ஆடும். அவற்றில் 12 அணிகள் மட்டுமே பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுக்குப் போகும். பருவத்தின் நடுவே அணிகள் ஆட்டக்காரர்களைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அதற்கு ஒரு கெடு உண்டு. 2023இல் அந்தக் கெடு ஆகஸ்ட் 1. வாய்ப்பிருக்கிறது என்று நம்பும் அணி, தன்னிடம் வளர்ந்துவரும் இளைஞர்களைக் கொடுத்து அனுபவசாலிகளை வாங்கும். வாய்ப்பில்லை என்று கைவிட்ட அணி, ஒப்பந்தம் முடியப்போகிற நட்சத்திரங்களைக் கொடுத்து எதிர்காலத்துக்கு ஆள் சேர்க்கும். ஓதானியின் ஒப்பந்தம் அந்தப் பருவத்தோடு முடிவதாக இருந்ததால், ஏஞ்சல்ஸ் எந்தப் பக்கம் சாயும் என்பதுதான் அந்தக் கோடையில் பேஸ்பால் உலகம் முழுவதும் கேட்ட கேள்வி.

அணியின் நிலைமை அப்போது இரண்டுங்கெட்டானாக இருந்தது. ஜூலை 3ஆம் தேதி சான் டியேகோவில் அணியின் இன்னொரு நட்சத்திரமான மைக் ட்ரௌட்டின் இடக்கை எலும்பு முறிந்தது. அடுத்த நாளே, 7 ஆண்டுகளுக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் இருந்த ஆண்டனி ரெண்டோன், தான் அடித்த பந்து தன் காலிலேயே பட்டு வெளியேறியவர், அந்தப் பருவத்தில் திரும்பவே இல்லை. இருந்தும் ஜூலை முடிவில் அணி 56 வெற்றி, 51 தோல்வி என்ற கணக்கில், பிளேஆஃப் இடத்தை எட்டிப்பிடிக்கக்கூடிய தொலைவில் நின்றது. அதற்குப் பெரும்பகுதிக் காரணம் ஒரே ஆள்.

ஜூலை 26 இரவு பொது மேலாளர் பெர்ரி மினாசியன் சிகாகோ வைட் சாக்ஸ் அணியிடமிருந்து லூகஸ் ஜியோலிட்டோ, ரெனால்டோ லோபஸ் என்ற இரு பிட்சர்களை, அதாவது பந்து வீசுபவர்களை, வாங்கினார். விலையாகப் போனவர்கள் எட்கர் குவேரோ என்ற 20 வயது கேட்சரும் (கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் போன்றவர்) கை புஷ் என்ற இடக்கை பிட்சரும். ஏஞ்சல்ஸின் வறண்டுபோன இளையோர் வரிசையில் குவேரோ முன்னணியில் பேசப்பட்டவர். வாங்கிய இருவருக்குமோ ஒப்பந்தத்தில் மீதமிருந்தது இரண்டு மாதம். மறுநாள் டெட்ராய்ட்டில் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். முதல் ஆட்டம் முழுவதையும் ஓதானி ஒருவரே வீசி, எதிரணிக்கு ஒரே ஒரு ஹிட் (பந்தை அடித்து முதல் நிறுத்தத்தையாவது எட்டுவது) மட்டும் விட்டுக்கொடுத்து, ஓட்டமே இல்லாமல் முடித்தார். அடுத்த ஆட்டத்தில், கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்ற ஹோம் ரன் இரண்டு அடித்தார். அந்த நாளைக் கண்ட எவரும் இந்த அணி ஆட்டக்காரர்களை வாங்கியது முட்டாள்தனம் என்று அப்போது சொல்லவில்லை. பின்னால் சொன்னவர்களே அதிகம்.

ஓதானியைக் கொடுக்காததை நான் ஆதரிப்பதற்குக் காரணம் வெறும் பாசம் அல்ல. ஏஞ்சல்ஸ் கடைசியாகப் பிளேஆஃப் ஆடியது 2014இல். அதிலும் கான்சஸ் சிட்டி ராயல்ஸிடம் மூன்று ஆட்டங்களிலும் தோற்றுத் திரும்பியது. தலைமுறைக்கு ஒருவர் என்று சொல்லத்தக்க ட்ரௌட் தன் வாழ்நாளில் ஆடிய பிளேஆஃப் ஆட்டங்கள் அந்த மூன்றுதான். பிட்சராகவும் அடிப்பவராகவும் ஒருசேர உச்சத்தில் இருந்த ஓதானியோ அதுவரை மேஜர் லீக்கில் ஒரு பிளேஆஃப் ஆட்டத்தைக்கூடக் கண்டதில்லை. அப்படிப்பட்ட இருவரையும் ஒரே சட்டையில் வைத்திருந்த அணி, வெற்றிகள் தோல்விகளைவிடக் கூடுதலாக இருக்கும்போதே கடையைக் கட்டியிருந்தால், ஆண்டுக்கணக்காக டிக்கெட் வாங்கிவந்த, அணியின் சொந்த ஊரான அனஹைம்காரர்களின் முகத்தில் அதன் நிர்வாகிகள் எப்படி விழித்திருப்பார்கள்? விளையாட்டு அணி என்பது எதிர்கால ஆட்டக்காரர்களைச் சேமித்துவைக்கும் கிடங்கு மட்டுமல்லவே.

ஆனால் போராடுவது என்று முடிவெடுத்தால் அதற்கான விலையைக் கொடுக்கும் துணிவும் வேண்டும். அந்த விலை இளம் ஆட்டக்காரர்களோடு நிற்பதில்லை. மேஜர் லீக்கில் ஓர் அணியின் சம்பளப் பட்டியல் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் சொகுசு வரி என்ற பெயரில் அபராதம் கட்ட வேண்டும். 2023இல் அந்த வரம்பு 23.3 கோடி டாலர். ஜூலையில் வாங்கிய ஆட்டக்காரர்களோடு ஏஞ்சல்ஸ் அந்த வரம்பைத் தாண்டியது. ஜியோலிட்டோவுக்குப் பிறகு கொலராடோவிலிருந்து ராண்டல் கிரிச்சக், சி. ஜே. கிரான், நியூயார்க் மெட்ஸிலிருந்து டொமினிக் லியோன் என்று சேர்த்துக்கொண்டே போனார்கள். 2003இல் டிஸ்னி நிறுவனத்திடமிருந்து அணியை வாங்கிய ஆர்ட்டி மொரேனோ, 2004க்குப் பிறகு அந்த வரியைக் கட்டியதே இல்லை. அப்படிப்பட்டவர் வரம்பைத் தாண்டச் சம்மதித்தார் என்றதும், இந்த முறை மனதார இறங்கிவிட்டார்கள் என்று ரசிகர்கள் நம்பியதில் பிழை சொல்ல முடியாது.

பிறகு ஆகஸ்ட் வந்தது. இரண்டாம் தேதி அட்லாண்டாவில் ஜியோலிட்டோ (ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்) நான்கு இன்னிங்ஸ் முடிப்பதற்குள் ஒன்பது ஓட்டங்களைக் கொடுத்தார். மூன்றாம் தேதி சொந்த மைதானத்தில் சியாட்டிலுக்கு எதிரான ஆட்டம்தான் என்னைப் பொறுத்தவரை அந்தப் பருவத்தின் முறிவு. விரல் பிடிப்பால் நான்கு இன்னிங்ஸோடு வீசுவதை நிறுத்திக்கொண்ட ஓதானி, எட்டாவது இன்னிங்ஸில் தன் நாற்பதாவது ஹோம் ரன்னை அடித்து அணியை 3-1 என்று முன்னிலையில் வைத்தார். ஒன்பதாவதில், அதுவரை நம்பகமாக ஆட்டங்களை முடித்துக்கொடுத்த கார்லோஸ் எஸ்டேவெஸ், மூன்று பேஸ்களிலும் (ஓடும் வழியிலுள்ள நிறுத்தங்கள்) எதிரணி ஆள் நிற்க, கேட் மார்லோ என்ற புதுமுகத்திடம் ஒரே அடியில் நான்கு ஓட்டம் தரும் ஹோம் ரன் கொடுத்தார். 5-3. சியாட்டில் அந்தத் தொடரின் நான்கு ஆட்டங்களையும் வென்றது. ஆகஸ்டின் முதல் ஏழு நாளும் தோல்வி. மாத முடிவில் கணக்கு 8 வெற்றி, 19 தோல்வி.

இதைத் துரதிர்ஷ்டம் என்று முழுவதும் தள்ளிவிட நான் தயாராக இல்லை. காயம் எல்லா அணிக்கும் வருகிறது. ஆனால் இரண்டு பெரிய ஆட்டக்காரர்கள் விழுந்தால் அந்த இடத்தில் நிற்க ஆள் இல்லாத நிலை, அணிகள் முறைவைத்துப் புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் அமெச்சூர் தேர்விலும் ஆண்டுக்கணக்காகப் பயிற்சியிலும் காட்டிய அசட்டையின் விளைவு. 2021 தேர்வில் ஏஞ்சல்ஸ் தனக்குக் கிடைத்த 20 வாய்ப்புகளிலும் பிட்சர்களையே எடுத்தது. துணிச்சலான சோதனை என்று அப்போது பாராட்டியவர்களும் உண்டு. அந்த வரிசையில் இரண்டாம் சுற்றில் வந்தவர்தான் ஜியோலிட்டோவுக்காகக் கைமாறிய புஷ். இதன் மறுபக்கமாக, 2023 ஜூலையில் 11ஆவது ஆளாகத் தேர்வான நோலன் ஷானுவெல், கல்லூரி மைதானத்தை விட்டு வந்த சூடு ஆறுவதற்குள், ஆகஸ்ட் 18 அன்று மேஜர் லீக்கில் இறக்கிவிடப்பட்டார். அந்தப் பையன் தான் ஆடிய 29 ஆட்டங்களிலும் ஏதாவது ஒரு வழியில் பேஸுக்குப் போய்விட்டார் என்பது அவருடைய பெருமை. அவரை அவ்வளவு அவசரமாக அழைக்க நேர்ந்ததில் அணிக்குப் பெருமை எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 22 அன்று ட்ரௌட் திரும்பினார். ஒரே ஓர் ஆட்டம் ஆடினார். கை வலி தாங்காமல் மீண்டும் காயப் பட்டியலுக்குப் போனார். மறுநாள் சின்சினாட்டிக்கு எதிரான ஆட்டத்தின் இரண்டாவது இன்னிங்ஸில் ஓதானி வீசுவதை நிறுத்திவிட்டு வெளியேறினார். முழங்கைத் தசைநார் கிழிந்திருந்தது. மூன்றாம் தேதி பிடிப்பு வந்தபோதே ஸ்கேன் எடுக்க அணி முன்வந்ததாகவும் ஓதானி தரப்பு வேண்டாம் என்றதாகவும் மினாசியன் பின்னர் சொன்னார். அப்படியே இருக்கலாம். ஆனால் அடுத்த சில ஆண்டுகளின் பேஸ்பால் வரலாறே ஒருவரின் முழங்கையில் தொங்கும்போது, ஆட்டக்காரர் மறுத்தார் என்ற பதிலோடு ஒரு நிர்வாகம் நின்றுவிடலாமா என்ற கேள்வி எனக்கு இருக்கிறது. முழங்கை கிழிந்த அந்த ஆகஸ்ட் 23 அன்றே நடந்த இரண்டாவது ஆட்டத்திலும் அவர் மட்டையோடு இறங்கினார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். விலா ஓரத் தசையும் பிடித்துக்கொள்ளும் வரை, அதாவது செப்டம்பர் தொடக்கம் வரை, ஆடிக்கொண்டே இருந்தார். சரிந்துகொண்டிருந்த அந்த அணியில் கடைசிவரை தன் சொல்லைக் காப்பாற்றியவர் அவர்தான்.

ஆகஸ்ட் 29 அன்று அந்தச் செய்தி வந்தது. ஜியோலிட்டோ, லோபஸ், லியோன், கிரிச்சக் ஆகிய கெடு நேரத்து வரவுகளோடு, ஏற்கெனவே அணியில் இருந்த மேட் மூர், ஹன்டர் ரென்ஃப்ரோ ஆகியோரையும் ஏஞ்சல்ஸ் ஒரே நாளில் வெய்வர் பட்டியலில் போட்டுவிட்டது. இந்த ஏற்பாட்டில் எந்த அணி வேண்டுமானாலும் அந்த ஆட்டக்காரரைக் கேட்கலாம். தரவரிசையில் பின்தங்கிய அணிக்கே முன்னுரிமை. எடுத்துக்கொள்ளும் அணி மீதிச் சம்பளத்தைக் கொடுத்தால் போதும், விட்டவருக்குப் பதிலாக எதுவும் தர வேண்டியதில்லை. செப்டம்பர் பிறப்பதற்குள் சேருபவர்களே பிளேஆஃப் ஆட முடியும் என்பதால் தேதியும் கச்சிதமாகப் பார்க்கப்பட்டிருந்தது. ஜியோலிட்டோ, லோபஸ், மூர் மூவரையும் கிளீவ்லாண்ட் அள்ளிக்கொண்டது. ரென்ஃப்ரோ சின்சினாட்டிக்கும் லியோன் சியாட்டிலுக்கும் போனார்கள். கிரிச்சக்கைக் கேட்பாரில்லை; அவர் அனஹைமிலேயே இருந்துவிட்டார். வீட்டை அடகு வைத்துச் சீர்வரிசை செய்துவிட்டு, தாலி கட்டி முடிவதற்குள் பாத்திரங்களைத் தெருவில் வைத்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னதுபோல இருந்தது எனக்கு.

கணக்குப் போட்டுப் பார்ப்பவர்களின் வாதத்தை நான் மறுக்கவில்லை. பிளேஆஃப் வாய்ப்பு முடிந்துபோயிருந்தது. அந்தச் சம்பளங்களைக் கழித்தால் வரி வரம்புக்குக் கீழே வரலாம். வரியே பெரிய தொகை அல்ல. அதைவிட முக்கியமான ஒன்று இருந்தது. ஓதானிக்கு 2.0325 கோடி டாலர் கொண்ட ஓராண்டு ஒப்பந்தத்தை முறைப்படி முன்வைத்து, அவர் அதை மறுத்து வேறு அணிக்குப் போனால், ஏஞ்சல்ஸுக்கு ஈடாக ஒரு கூடுதல் தேர்வு வாய்ப்பு கிடைக்கும். வரம்புக்குள் இருந்தால் அது இரண்டாம் சுற்றுக்குப் பின் வரும். தாண்டியிருந்தால் நான்காம் சுற்றுக்குப் பின் போய்விடும். அணி மயிரிழையில் வரம்புக்குள் வந்தது. ஓதானி அந்த டிசம்பரில் டாட்ஜர்ஸ் அணியோடு 10 ஆண்டுகளுக்கு 70 கோடி டாலர் ஒப்பந்தத்தில் சேர்ந்தார். 2024 தேர்வில் 74ஆவது இடம் ஏஞ்சல்ஸுக்குக் கிடைத்தது.

தனியாக எடுத்துப் பார்த்தால் ஆகஸ்ட் 29 முடிவில் ஒரு குறையும் இல்லை. குறை அதை ஜூலை 26க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது தெரிகிறது. வரம்பு எவ்வளவு என்பது ஜூலையிலும் தெரியும். ஓதானி விடைபெறக்கூடும் என்பதும், அப்படி நேர்ந்தால் தேர்வு வாய்ப்பு எந்தச் சுற்றில் வரும் என்பதும் அப்போதே தெரிந்தவைதான். இவையெல்லாம் முக்கியம் என்றால், ஓதானியை வைத்துக்கொண்டு, குவேரோவையும் வைத்துக்கொண்டு, இரண்டு மாத வாடகை ஆட்டக்காரர்கள் எவரையும் வாங்காமல், இருப்பவர்களோடு முயன்று பார்த்திருக்கலாம். முக்கியம் இல்லை என்றால், வாங்கியவர்களை வைத்தே பருவத்தை முடித்து, வரியைக் கட்டி, தேர்வு வாய்ப்பு பின்னால் போவதையும் ஏற்றிருக்கலாம். இரண்டுமே மரியாதையான வழிகள். இரண்டில் எதை எடுத்திருந்தாலும் இன்று நான் அவர்களுக்காக வாதாடிக்கொண்டிருப்பேன். அவர்கள் எடுத்த மூன்றாவது வழியில் குவேரோவும் போனார், பிளேஆஃபும் போனது, வாங்கியவர்களும் போனார்கள்.

இதில் ஏஞ்சல்ஸைத் தாண்டிய ஒரு சங்கடமும் உண்டு. சியாட்டில் அந்த ஆண்டு ஏஞ்சல்ஸின் சொந்தப் பிரிவிலேயே முதலிடத்துக்குப் போட்டியிட்ட அணி. போட்டியிலிருந்து விலகிய ஓர் அணி, தன் வரிக் கணக்கைச் சரிசெய்வதற்காக, பிறருடைய பந்தயத்தின் கடைசி மாதத்தில் ஆறு ஆட்டக்காரர்களை இலவசமாக வீசலாம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நடந்ததைப் பார்த்தால் பெரிய பாதகம் ஒன்றும் விளையவில்லை: கிளீவ்லாண்ட் 76 வெற்றியோடு பின்தங்கியது, சியாட்டிலும் சின்சினாட்டியும் நூலிழையில் பிளேஆஃபைத் தவறவிட்டன. விதி அனுமதித்தது என்பதற்காக அந்த விதி நல்லது ஆகிவிடாது.

73 வெற்றி, 89 தோல்வியோடு முடிந்த பருவத்துக்குப் பயிற்சியாளர் ஃபில் நெவின் பொறுப்பாக்கப்பட்டு வெளியே போனார். ரான் வாஷிங்டன் வந்த 2024இல் தோல்விகள் 99. அணியின் வரலாற்றிலேயே மிக மோசமான கணக்கு. நான் பார்த்தவரை இரண்டு பயிற்சியாளர்களும் கையில் கொடுக்கப்பட்டதை வைத்துத்தான் ஆடினார்கள்.

குவேரோ 2025 ஏப்ரலில் சிகாகோவுக்காக மேஜர் லீக்கில் இறங்கினார். அந்த 74ஆவது இடத்தில் ஏஞ்சல்ஸ் எடுத்த ரையன் ஜான்சன் என்ற பிட்சரும் அதே பருவத்தில்தான் அறிமுகமானார். கீழ்நிலை அணிகளில் ஓர் ஆட்டம்கூட வீசாத அவரை ஏஞ்சல்ஸ் தொடக்க நாள் அணியிலேயே சேர்த்துக்கொண்டு, அடி வாங்கிய பிறகு, முதலிலேயே தொடங்கியிருக்க வேண்டிய கீழ்நிலை அணிக்கு அதே பருவத்தில் திருப்பி அனுப்பியது.